ரேம் வாங்கும் முன்: வீட்டு சிஸ்டம் இழுக்கும்போது எங்கே பார்ப்பது?

“சிஸ்டம் ரொம்ப ஸ்லோ. ரேம் போட்டா சரியாயிடுமா?” பழுது பார்க்கும் கடைக்கு வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். சில சிஸ்டத்துக்கு ஆகும். பலவற்றில் ரேமை இரண்டு மடங்காக்கியும் அதே இழுவை தொடரும். காரணம் வேறு இடத்தில் இருக்கும்: தேய்ந்த ஹார்ட் டிஸ்க், தூசி அடைத்த ஃபேன், ஒன்றோடொன்று மல்லுக்கட்டும் இரண்டு ஆன்டிவைரஸ். அதனால் பர்ஸைத் திறக்கும் முன் எது முட்டுகிறது என்று கண்டுபிடியுங்கள். கீழே உள்ளவை விண்டோஸ் 10, 11 ஓடும் வீட்டு லேப்டாப்புக்கும் டெஸ்க்டாப்புக்கும் பொருந்தும். ஒவ்வொரு அறிகுறியின் கீழும் செலவில்லாத சோதனை முதலில், செலவு வைக்கும் வேலை கடைசியில்.

எந்த அறிகுறியானாலும் முதலில் இது

சிஸ்டம் இழுத்துக்கொண்டிருக்கும் அந்த நேரத்திலேயே கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். நன்றாக ஓடும் நேரத்தில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. திறந்த முதல் ஐந்தாறு விநாடி அதுவே சிபியுவைக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், அதை விட்டுவிடுங்கள். பிறகு சிபியு (பிராசஸர்), மெமரி (ரேம்), டிஸ்க் ஆகிய மூன்று பத்திகளின் தலையில் உள்ள சதவீதத்தை ஒரு நிமிடம் கவனியுங்கள்.

டிஸ்க் மட்டும் 100-ஐ ஒட்டியே நின்றால் முதல் அறிகுறிக்குப் போங்கள். மெமரி 85-ஐத் தாண்டி நின்றால் இரண்டாவது. சிபியு வேலை இல்லாமலே ஏறி நின்றால் ஐந்தாவது. மூன்றுமே அடங்கியிருக்க சிஸ்டம் மட்டும் தவழ்ந்தால் சூடு அல்லது சார்ஜர், அதற்கு நான்காவது. மெமரியும் டிஸ்க்கும் ஒன்றாக முட்டினால் இரண்டாவதிலிருந்து தொடங்குங்கள். ரேம் போதாமல் விண்டோஸ் டிஸ்க்கைக் கடன் வாங்கும்போதுதான் இரண்டும் சேர்ந்து ஏறும்.

இன்னொன்றையும் அங்கேயே பாருங்கள். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியு படத்தின் கீழே ‘அப் டைம்’ என்று ஒரு எண் ஓடும். தினமும் இரவு ஷட் டவுன் செய்கிறவர்களுக்கும் அது 14 நாள், 20 நாள் என்று காட்டும். ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ வசதி இருப்பதால் ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸின் உள்பகுதி முழுதாக அணைவதில்லை, டிஸ்க்கில் எழுதிவைக்கப்பட்டு மறுநாள் அப்படியே எழுகிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால் மட்டும்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். அந்த எண் பெரிதாக இருந்தால் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துவிட்டு மறுபடி பாருங்கள். சிலருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும்.

அறிகுறி 1: ஆன் செய்து பத்து நிமிடம் வரை எதுவும் திறக்கவில்லை, டிஸ்க் 100%

டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் ‘டிஸ்க் 0’ மேல் சொடுக்குங்கள். ஹெச்டிடி என்று இருந்தால் சுழலும் ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டி என்று இருந்தால் சிப் டிஸ்க். இப்போது இரண்டு எண்களைச் சேர்த்துப் பாருங்கள். மேலே 100% என்று இருக்கும், கீழே படிக்கும் வேகம் விநாடிக்கு 1 எம்பி, 2 எம்பி என்றுதான் இருக்கும். அதே டிஸ்க் ஒரு பெரிய சினிமா ஃபைலை விநாடிக்கு 100 எம்பி வேகத்தில் படிக்கக்கூடியது. விண்டோஸ் எழும் நேரத்தில் ஆயிரக்கணக்கான குட்டி ஃபைல்களை மூலைக்கு மூலை ஓடி எடுக்க வேண்டியிருப்பதால் ஹார்ட் டிஸ்க்கின் ஊசி அலைந்தே ஓய்ந்துபோகிறது. பக்கத்திலேயே ‘ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம்’ இருக்கும். 20 மில்லி விநாடிக்குள் இருந்தால் நல்லது. 500, 1000 என்று தொடர்ந்து காட்டினால் டிஸ்க் திணறுகிறது.

*செலவில்லாதவை:*

ஸ்டார்ட்அப் பட்டியலைக் குறையுங்கள். டாஸ்க் மேனேஜரிலேயே ‘ஸ்டார்ட்அப் ஆப்ஸ்’ பக்கம் உண்டு. பிரிண்டர் உதவி ஆப், வீடியோ மீட்டிங் ஆப், பாட்டு ஆப், கேம் லாஞ்சர் எல்லாவற்றையும் டிஸேபிள் செய்யலாம். தேவைப்படும்போது நீங்களே திறந்தால் அவை ஓடும். ஆடியோ டிரைவர், டச்பேட், ஆன்டிவைரஸ் மூன்றையும் தொடாதீர்கள்.

ஆன்டிவைரஸ் எத்தனை இருக்கிறது என்று எண்ணுங்கள். விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் வீட்டுக்குப் போதும். லேப்டாப் வாங்கும்போது சேர்ந்து வந்து, காலம் முடிந்து, புதுப்பிக்கச் சொல்லிக்கொண்டே கிடக்கும் ஆன்டிவைரஸை நீக்கிவிடுங்கள். நீக்கினதும் டிஃபெண்டர் தானாக வேலையை எடுத்துக்கொள்ளும்.

மாதக்கணக்கில் பூட்டி வைத்த லேப்டாப்பைத் திறந்திருந்தால் ஒன்றும் செய்யாமல் சார்ஜரில் போட்டு, நெட்டில் விட்டு, இரண்டு மணி நேரம் காத்திருங்கள். அப்டேட், வைரஸ் ஸ்கேன், தேடல் அட்டவணை மூன்றும் ஒரே நேரத்தில் ஓடும். பாதியில் ஆஃப் செய்தால் அடுத்த முறையும் முதலிலிருந்து இதே பாடு.

*டிஸ்க்கின் உடல்நிலை:*

கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கி ஓட்டுங்கள். நீலம் என்றால் நலம், மஞ்சள் என்றால் எச்சரிக்கை, சிவப்பு என்றால் முடிவு. ஹார்ட் டிஸ்க் என்றால் நிறத்தோடு நிற்காமல் பட்டியலில் 05, சி5, சி6 ஆகிய மூன்று வரிகளையும் பாருங்கள். 05 என்பது கெட்டுப்போய் மாற்றப்பட்ட இடங்கள், சி5 என்பது படிக்க முடியாமல் காத்திருக்கும் இடங்கள், சி6 என்பது மீட்கவே முடியாதவை. கடைசிப் பத்தி பூஜ்யமாக இருக்க வேண்டும். சி5-இல் எண் இருந்தால் அந்த டிஸ்க்கில் வேறு எந்தச் சோதனையும் வேண்டாம். அன்றைக்கே போட்டோ, சான்றிதழ், கணக்கு எல்லாவற்றையும் வெளி டிஸ்க்குக்குக் காப்பி எடுங்கள். சாகப்போகிற டிஸ்க்கில் டிஃபிராக்மென்ட், செக்டிஸ்க் போன்ற அடுக்கும், சரிபார்க்கும் கருவிகளை ஓட்டி அதை இன்னும் அலைக்கழித்து, ஃபைல்களை இழந்தவர்கள் நிறைய. காப்பிதான் முதல் வேலை.

டெஸ்க்டாப்பில் இன்னொரு வரியும் உண்டு: சி7. மற்ற மூன்றும் பூஜ்யமாக இருந்து இது மட்டும் நாளுக்கு நாள் ஏறினால் டிஸ்க்கைக் குறை சொல்ல வேண்டாம், டிஸ்க்கைப் போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள்தான் லூஸ் அல்லது பழுது. புதுக் கேபிள் போட்டால் ஏறுவது நின்றுவிடும். பழைய எண் அப்படியே நிற்கும், அது குறையாது. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

*செலவு வைக்கும் தீர்வு: எஸ்எஸ்டி*

ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் ஓடும் சிஸ்டத்துக்குச் செய்யும் செலவில் மிக அதிகப் பலன் தருவது இதுதான், ரேமுக்கும் முன்னால். 4 ஜிபி ரேமோடு இருக்கும் பழைய லேப்டாப்கூட எஸ்எஸ்டி போட்டதும் ஒரு நிமிடத்துக்குள் எழுந்து நிற்கும். வீட்டு உபயோகத்துக்கு 256 ஜிபி போதும், போட்டோ நிறைய இருந்தால் 512.

எந்த வகை என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். பழைய லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்க் இருந்த அதே இடத்தில் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி உட்காரும். 7 மில்லிமீட்டர் தடிமன், அதே திருகுகள், அதே இணைப்பு. மதர்போர்டில் எம்.2 ஸ்லாட் (அட்டை வடிவ எஸ்எஸ்டியைச் செருகும் இடம்) இருந்தால் அதன் இணைப்பு வகை சாட்டாவா, என்விஎம்இயா என்று மாடல் எண்ணைப் போட்டுத் தேடி உறுதி செய்யுங்கள். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். சாட்டா மட்டும் ஏற்கும் ஸ்லாட்டில் என்விஎம்இ வாங்கிச் செருகினால் பயாஸில் (விண்டோஸ் எழும் முன் திறக்கும் போர்டின் அமைப்புத் திரையில்) பெயரே வராது. நீளமும் முக்கியம்: 2280 என்றால் 80 மில்லிமீட்டர், 2242 என்றால் 42. குட்டை ஸ்லாட்டில் நீள அட்டை நிற்காது.

டிவிடி டிரைவ் உள்ள லேப்டாப்பில் அதைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் டிஸ்க்கைப் பொருத்தும் சட்டமான ‘கேடி’ ஒன்று வாங்கி, பழைய ஹார்ட் டிஸ்க்கை அதில் வைத்துக்கொள்ளலாம். கேடி 9.5, 12.7 மில்லிமீட்டர் என்று இரண்டு தடிமனில் வருகிறது, அளந்து வாங்குங்கள். விண்டோஸ் உள்ள எஸ்எஸ்டி எப்போதும் உள்ளே இருக்கும் முதன்மை இடத்தில்தான் போக வேண்டும்.

பழைய விண்டோஸை அப்படியே நகல் எடுக்கலாமா, புதிதாகப் போடலாமா? டிஸ்க் நலமாக இருந்து, சிஸ்டமும் சுத்தமாக இருந்தால் குளோனிங் வசதி. யுஎஸ்பி சாட்டா கேபிள் ஒன்று போதும், குளோன்ஸில்லா என்ற நகல் எடுக்கும் மென்பொருள் இலவசம். ஆனால் அது பெரிய டிஸ்க்கிலிருந்து சிறிய எஸ்எஸ்டிக்கு நேரடியாக மாற்றாது, முதலில் பார்ட்டிஷனை (டிஸ்க்கில் பிரித்த பகுதியை)ச் சுருக்க வேண்டும். வருடக்கணக்கில் குப்பை சேர்ந்த சிஸ்டமாக இருந்தால் புதிதாகப் போடுவதே மேல். 8 ஜிபி பென்டிரைவில் மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூல் வழியாக நிறுவியைத் தயார் செய்யலாம். அசல் உரிமம் உள்ள விண்டோஸ் 10, 11 மதர்போர்டோடு பதிவாகியிருப்பதால், டிஸ்க் மாறினாலும் நெட்டில் இணைந்ததும் தானே ஆக்டிவேட் ஆகிவிடும். கீ கேட்டால் ‘என்னிடம் இல்லை’ என்று தாண்டலாம்.

தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை. புது லேப்டாப் பலவற்றில் டிஸ்க்கில் உள்ளதைப் பூட்டிவைக்கும் ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ ஓசையில்லாமல் ஆன் ஆகியிருக்கும். பயாஸில் ஏதாவது மாற்றினால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் அது பதிவாகியிருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்து, ஒரு தாளில் எழுதிவையுங்கள். சாவி இல்லாவிட்டால் உள்ளே உள்ள ஃபைல்களை யாராலும் எடுத்துத் தர முடியாது.

*எப்போது ஆள் கூப்பிட வேண்டும்:* ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ‘டிக், டிக்’ என்று சீரான தட்டல் கேட்டு, உள்ளே காப்பி எடுக்காத ஃபைல்கள் இருந்தால் உடனே ஆஃப் செய்யுங்கள். இன்னொரு முறை ஆன் செய்து பார்க்கும் ஆசை வேண்டாம். தரவு மீட்பு மட்டும் செய்கிறவர்களிடம் கொண்டுபோக வேண்டிய நிலை அது. விண்டோஸ் போடும் கடைக்காரரின் வேலை அல்ல.

அறிகுறி 2: தொடக்கத்தில் நன்றாக ஓடுகிறது, டேப் சேரச் சேர இழுக்கிறது, மெமரி 85%க்கு மேல்

இதுதான் உண்மையான ரேம் பிரச்சினை. இதிலும் நேரே கடைக்குப் போக வேண்டாம்.

பிரவுசரிலிருந்து தொடங்குங்கள். குரோமிலும் எட்ஜிலும் ஷிஃப்ட், எஸ்கேப் சேர்த்து அழுத்தினால் பிரவுசருக்கென்று தனி டாஸ்க் மேனேஜர் திறக்கும். எந்த டேப், எந்த எக்ஸ்டென்ஷன் எவ்வளவு எம்பி பிடித்திருக்கிறது என்று வரிவரியாகத் தெரியும். மறந்துபோன கூப்பன் எக்ஸ்டென்ஷன் ஒன்று 300 எம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது சாதாரணம். செட்டிங்ஸில் குரோம் என்றால் ‘மெமரி சேவர்’, எட்ஜ் என்றால் ‘ஸ்லீப்பிங் டேப்ஸ்’ ஆன் செய்யுங்கள், தொடாத டேப்கள் ரேமை விட்டுக்கொடுத்துவிடும். பிரவுசரை மூடியபின்னும் பின்னணியில் ஓட அனுமதிக்கும் விருப்பத்தை அணைத்துவிடுங்கள்.

‘ரேம் பூஸ்டர்’, ‘மெமரி கிளீனர்’ என்று வருபவற்றை நிறுவாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஆப்களின் மெமரியை வலுக்கட்டாயமாக டிஸ்க்குக்குத் தள்ளி, சதவீதத்தைக் குறைத்துக் காட்டுவதுதான் அவை செய்யும் வேலை. அடுத்த சொடுக்கில் அத்தனையும் டிஸ்க்கிலிருந்து திரும்பி வர வேண்டும், அப்போது முன்னைவிட இழுக்கும். பென்டிரைவைச் செருகி ரேமாக மாற்றும் யோசனையும் இதே கணக்குதான்.

பேஜ்ஃபைலை (ரேம் போதாதபோது விண்டோஸ் டிஸ்க்கில் கடன் வாங்கும் இடத்தை) அணைத்தால் வேகம் கூடும் என்பதையும் நம்ப வேண்டாம். அணைத்தால் ரேம் நிரம்பியதும் ஆப்கள் எச்சரிக்கையின்றிச் செத்துவிழும். அளவை விண்டோஸே பார்த்துக்கொள்ளட்டும் என்ற தேர்வில் விட்டுவிடுங்கள்.

ஒரே ஆப் காலையில் 400 எம்பி, மாலையில் 3 ஜிபி என்று ஏறிக்கொண்டே போனால் அது அந்த ஆப்பின் கசிவு. அப்டேட் செய்யுங்கள், இல்லாவிட்டால் நீக்குங்கள். எத்தனை ஜிபி ரேம் போட்டாலும் அது தின்று தீர்க்கும்.

இத்தனைக்கும் பிறகு வழக்கமாகத் திறக்கும் நான்கைந்து வேலைகளோடு மெமரி 85-க்கு மேலேயே நிற்கிறதென்றால் ரேம் வாங்கத்தான் வேண்டும். இன்றைக்குப் பிரவுசர், வாட்ஸ்அப், ஆபீஸ் என்று பயன்படுத்தும் வீட்டுக்கு 8 ஜிபி போதும். போட்டோ எடிட்டிங், பெரிய எக்செல் ஃபைல், பிள்ளைகளின் புரோகிராமிங் என்று போனால் 16. அதற்கு மேல் வீட்டுக்கு அபூர்வமாகத்தான் தேவைப்படும். 60 சதவீதத்தில் நிற்கும் சிஸ்டத்துக்கு மேலும் ரேம் போட்டால் ஒரு துளிகூட வித்தியாசம் தெரியாது. 2025 கடைசியில் ரேம் விலை ஏறிய ஏற்றத்துக்கு, தேவையில்லாமல் வாங்குவது நஷ்டம்.

*எந்த ரேம்?*

டாஸ்க் மேனேஜரில் மெமரி படத்தின் கீழே எல்லாம் எழுதியிருக்கும். ‘ஸ்லாட்ஸ் யூஸ்டு: 1 ஆஃப் 2’ என்றால் ஒரு ஸ்லாட் காலி. ‘ஃபார்ம் ஃபாக்டர்’ என்ற வரி லேப்டாப் வகையா டெஸ்க்டாப் வகையா என்று சொல்லும். அங்கே ‘ரோ ஆஃப் சிப்ஸ்’ என்று வந்தால் ரேம் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டது, கழற்ற முடியாது. சில மாடலில் பாதி சால்டர், பாதி ஸ்லாட். அதனால் பின்மூடியைத் திறந்து கண்ணால் பார்த்துவிட்டு வாங்குவதே நிச்சயம்.

ரேமின் தலைமுறைகளான டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 ஒன்றின் ஸ்லாட்டில் இன்னொன்று உட்காராது, பற்களுக்கு நடுவே வெட்டு இருக்கும் இடம் வேறு. சிக்கல் டிடிஆர்3-இல்தான். அதிலேயே 1.5 வோல்ட்டில் ஓடுவது டிடிஆர்3, 1.35 வோல்ட்டில் ஓடுவது டிடிஆர்3எல். இரண்டுக்கும் வெட்டு ஒரே இடம், அதனால் தப்பானதும் அழகாக உட்காரும். இன்டெல் நான்காம் தலைமுறை முதல் பல லேப்டாப்கள் 1.35 வோல்ட்டை மட்டும் ஏற்கும், மற்றதைப் போட்டால் திரை வராது. பழைய ரேமின் ஸ்டிக்கரில் ‘பிசி3எல்’ என்று இருந்தால் அதையே கேட்டு வாங்குங்கள்.

வேகத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். 2666-ஓடு 3200-ஐச் சேர்த்தால் இரண்டும் 2666-இல் ஓடும், அவ்வளவுதான். காசு கொடுக்கும்போது கவனிக்க வேண்டியது ஜோடி: தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத சிஸ்டத்தில் ஒற்றை 16 ஜிபியைவிட இரண்டு 8 ஜிபி நல்லது. இரண்டு பாதையில் ஓடுவதால் கேமிலும் வீடியோவிலும் பலன் தெரியும்.

டிடிஆர்3 இப்போது பெரும்பாலும் பழையதுதான் கிடைக்கும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற இடங்களில் வாங்குகிறவர்கள் லேப்டாப்பையும் கையோடு கொண்டுபோய், போட்டு, ஆன் செய்து, முழு அளவும் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். மாற்றித் தரும் கெடுவை பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

*போடும் விதம்:*

ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள், அப்போதுதான் முழுதாக அணையும். சார்ஜரைப் பிடுங்கி, மூடியைக் கழற்றியதும் முதல் வேலையாக பேட்டரி கனெக்டரை எடுங்கள். ஒரு இரும்புப் பொருளைத் தொட்டு உடம்பில் உள்ள நிலைமின்சாரத்தை இறக்குங்கள். ரேமை ஓரத்தில் மட்டும் பிடியுங்கள், தங்க நிறப் பற்களைத் தொட வேண்டாம். வெட்டு ஸ்லாட்டின் பல்லோடு பொருந்தும்படி, சுமார் 30 பாகை சாய்வில் உள்ளே தள்ளுங்கள். சரியாகப் போயிருந்தால் தங்க நிறம் ஒரு கீற்று மட்டும் வெளியே தெரியும், பாதிப் பல் தெரிந்தால் இன்னும் போகவில்லை. பிறகு மேலிருந்து அழுத்துங்கள். இரண்டு பக்கக் கொக்கிகளும் ‘டக்’ என்று ஒரே நேரத்தில் பிடிக்க வேண்டும். ஒன்று மட்டும் பிடித்தால் எடுத்து மறுபடி போடுங்கள். பலம் போட்டு அழுத்த வேண்டிய இடம் இது அல்ல.

அறிகுறி 3: புது ரேம் போட்டதும் திரை வரவில்லை, அல்லது முழு அளவும் காட்டவில்லை

திரை வராவிட்டால் முதலில் பொறுங்கள். புது ரேமைப் பார்த்த போர்டு அதைப் பழக்கப்படுத்திக்கொள்ள ஒரு நிமிடம் எடுக்கும். டிடிஆர்5 என்றால் சில நிமிடங்கள்கூட ஆகும். அதற்குள் பதறி ஆஃப் செய்துவிடாதீர்கள்.

பிறகும் வராமல் ‘பீப்’ சத்தமோ, கேப்ஸ் லாக் விளக்கின் சிமிட்டலோ இருந்தால் ரேம் சரியாக உட்காரவில்லை. எடுத்து, பற்களைப் புது பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகள் ஒன்றும் ஸ்லாட்டில் விழாதபடி தட்டிவிட்டுப் போடுங்கள். கடைகளில் காலங்காலமாகச் செய்வது இது, பழைய டெஸ்க்டாப்பில் பாதி நோய் இதிலேயே தீரும். அப்புறம் புதியதை மட்டும் முதல் ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள், பழையதை மட்டும் இரண்டாவதில் போட்டுப் பாருங்கள். எந்த ரேம் போட்டாலும் ஒரே ஸ்லாட் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் பழுது ஸ்லாட்டில். நான்கு ஸ்லாட் உள்ள டெஸ்க்டாப்பில் இரண்டு ரேம் போடும்போது பெரும்பாலான போர்டுகளில் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும் சரியான இடம்.

8 போட்டு 6 அல்லது 7 தான் ‘யூஸபிள்’ என்று காட்டினால் மீதியை போர்டோடு வரும் கிராஃபிக்ஸ் ஒதுக்கிக்கொண்டிருக்கும். ரைசன் லேப்டாப்பில் 2 ஜிபி வரைகூட போகும், அது பழுது இல்லை. 3.2 அல்லது 3.5 ஜிபியோடு நின்றுவிட்டால் 32 பிட் விண்டோஸ் போட்டிருக்கிறார்கள். அதால் 4 ஜிபிக்கு மேல் பயன்படுத்த முடியாது, 64 பிட்டைப் புதிதாகப் போட வேண்டும். சிஸ்டம் கான்ஃபிகரேஷனில் பூட் பக்கத்து அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் ‘மேக்ஸிமம் மெமரி’ டிக் விழுந்திருந்தாலும் இப்படி ஆகும், அந்த டிக்கை எடுங்கள். வேகம் கூட்டும் வழி என்று யாரோ சொன்னதைக் கேட்டு வைத்த டிக்காக அது இருக்கும்.

ரேம் போட்டபின் நீலத் திரை வந்துகொண்டே இருந்தால் ஸ்டார்ட் மெனுவில் ‘விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்’ என்று தேடி ஓட்டுங்கள். அது ஒன்றும் சொல்லாவிட்டால் மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனை மென்பொருளைப் பென்டிரைவில் போட்டு இரவு முழுதும் ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ரேமைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். ‘ஒன்றுதானே’ என்று விட்டால் ஃபைல்கள் சத்தமில்லாமல் கெடும்.

*எப்போது ஆள் கூப்பிட வேண்டும்:* ஸ்லாட் பழுது, சால்டர் செய்த ரேம், பழைய ரேமைப் போட்டும் திரை வராத நிலை. இவை போர்டு வேலை பார்க்கிறவருக்கு உரியவை.

அறிகுறி 4: அரை மணி நேரம் கழித்து, அல்லது பகல் வெயிலில் மட்டும் இழுக்கிறது

ஃபேன் இரைச்சல், கீபோர்டின் மேல் சூடு, டாஸ்க் மேனேஜரில் சிபியு ‘ஸ்பீடு’ எண் அதன் ‘பேஸ் ஸ்பீடு’க்குக் கீழே விழுவது, மூன்றும் சேர்ந்தால் சிஸ்டம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கிறது. ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் வெப்பத்தைக் காட்டும். சும்மா இருக்கும்போது 40 முதல் 55 பாகை இயல்பு. வேலை கொடுத்ததும் ஒரே நிமிடத்தில் 95-ஐத் தொட்டால் காற்று போகவில்லை.

மெத்தையிலும் மடியிலும் வைக்காமல் கெட்டியான மேசையில் வைத்துப் பாருங்கள். பின்பக்கம் இரண்டு விரல் உயரம் தூக்கி வைத்தாலே சிலவற்றில் நல்ல வித்தியாசம் தெரியும்.

அதிலும் தீராவிட்டால் தூசி. வெளி ஓட்டையில் புளோயர் அடித்துவிட்டு வேலை முடிந்தது என்று விடுகிறார்கள், ஆனால் அடைப்பு இருப்பது வேறு இடத்தில். ஃபேன் காற்றைத் தள்ளும் வாயிலும் செம்பு அல்லது அலுமினியத் தகடுகளின் உட்புறத்திலும் தூசியும் முடியும் சேர்ந்து, கம்பளித் துண்டு போலத் தடித்துப் படிந்திருக்கும். வெளியிலிருந்து ஊதினால் அது உதிர்ந்து ஃபேனுக்குள் விழும், மறுநாள் திரும்ப வந்து அடைக்கும். மூடியைத் திறந்து, ஃபேனைக் கழற்றி, அந்தத் துண்டை இடுக்கியால் அப்படியே உரித்து எடுப்பதே சரியான வழி. ஊதும்போது ஃபேன் இறக்கையை ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள், வேகமாகச் சுழன்றால் பேரிங் போய்விடும். வீட்டு வேக்குவம் கிளீனர் வேண்டாம், நிலைமின்சாரம் போர்டைக் கொல்லும்.

நான்கைந்து வருடம் ஓடிய சிஸ்டத்தில் தெர்மல் பேஸ்ட்டும் காய்ந்து பொருக்காகியிருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, சிப்பை முழுதும் மூடும் அளவுக்கு மெல்லியதாகப் புதுப் பேஸ்ட். ஹீட்சிங்க் திருகுகளின் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று எண் இருக்கும். பூட்டும்போது அதே வரிசை, கழற்றும்போது தலைகீழ்.

சூடே இல்லாமல் சிபியு வேகம் 0.4 அல்லது 0.8 கிகாஹெர்ட்ஸில் ஒட்டிக்கொண்டால் சார்ஜரைச் சந்தேகியுங்கள். சில லேப்டாப்கள் தங்கள் சார்ஜரை அடையாளம் காண முடியாவிட்டால் வேகத்தை அடிமட்டத்துக்கு இறக்கிவிடும். பிளக்கின் நடு ஊசி வளைந்திருந்தாலே போதும். சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள், வேகம் எகிறினால் சார்ஜர்தான். பவர் மோடு ‘பெஸ்ட் பவர் எஃபிஷியன்சி’யில் கிடக்கிறதா என்பதையும் செட்டிங்ஸில் ஒரு பார்வை பாருங்கள்.

*எப்போது ஆள் கூப்பிட வேண்டும்:* டச்பேட் மேலே எழும்பியிருந்தாலோ, அடிமூடி புடைத்திருந்தாலோ பேட்டரி உப்பிவிட்டது. சார்ஜ் போடாதீர்கள், அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள். அன்றைக்கே கொண்டுபோய் மாற்றுங்கள். இது தீப்பிடிக்கும் விஷயம்.

அறிகுறி 5: ஒன்றும் செய்யாமலே சிபியு 50%க்கு மேல்

டாஸ்க் மேனேஜரில் சிபியு தலைப்பைச் சொடுக்கி அதிகமானது மேலே வரும்படி அடுக்குங்கள். ‘ஆன்டிமால்வேர் சர்வீஸ்’, ‘விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர்’ என்றால் அப்டேட்டும் ஸ்கேனும், ஒரு மணி நேரத்தில் அடங்கும். ‘சிஸ்டம் இன்டரப்ட்ஸ்’ 10 சதவீதத்துக்கு மேல் நின்றால் யுஎஸ்பியில் செருகியிருப்பதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். பழுதான ஹப்போ வெப்கேமோ அகப்படும்.

ஃபேன் இரைந்துகொண்டிருந்து, டாஸ்க் மேனேஜரைத் திறந்த நொடியில் அடங்கி, மூடியதும் மறுபடி இரைந்தால் உள்ளே கிரிப்டோ மைனர் (உங்கள் சிபியுவைத் திருடி வேறொருவருக்கு டிஜிட்டல் நாணயம் சம்பாதிக்கும் மென்பொருள்) ஒளிந்திருக்க வாய்ப்பு அதிகம். கிராக் செய்த மென்பொருள், விண்டோஸ் ஆக்டிவேட்டர் ஆகியவற்றோடு சேர்ந்து வருவது இது. விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன்’ கொடுங்கள். சிஸ்டம் தானே ரீஸ்டார்ட் ஆகி, சுமார் 15 நிமிடம் ஸ்கேன் செய்யும். ஏதாவது சிக்கினால், ஃபைல்களைக் காப்பி எடுத்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிடுவதே நிம்மதி. பேங்க், மெயில் பாஸ்வேர்டுகளை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள்.

அறிகுறி 6: சி டிரைவ் சிவப்பாகிவிட்டது

எஸ்எஸ்டியோ ஹார்ட் டிஸ்க்கோ, 15 சதவீதமாவது காலியாக இருக்க வேண்டும். ‘டிஸ்க் கிளீனப்’ திறந்து ‘கிளீன் அப் சிஸ்டம் ஃபைல்ஸ்’ கொடுத்தால் பழைய விண்டோஸ் நகல் ஒன்றே 20 ஜிபி வரை விடுவிக்கும். டவுன்லோட்ஸ் ஃபோல்டருக்கு டிக் விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஓகே கொடுங்கள், அதில் ஆதார் பிடிஎஃப் முதல் மதிப்பெண் சான்றிதழ் வரை கிடக்கும். விண்டோஸ் ஃபோல்டருக்குள் போய்க் கையால் எதையும் அழிக்க வேண்டாம்.

அறிகுறி 7: எல்லாம் செய்தும் விண்டோஸ் 11 ஏற்கவில்லை, விண்டோஸ் 10 இழுக்கிறது

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. வீட்டுப் பயனாளர்களுக்கான நீட்டிப்புத் திட்டத்தில் பதிவு செய்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸரும் வேண்டும். ரேமும் எஸ்எஸ்டியும் போட்டு இந்தத் தடையைத் தாண்ட முடியாது. அதனால் பழைய சிஸ்டத்துக்குச் செலவு செய்யும் முன் பிராசஸர் தலைமுறையைப் பாருங்கள்.

தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் லேப்டாப்கள் இன்னும் பல வீடுகளில் பரணில் கிடக்கின்றன. 2 அல்லது 4 ஜிபி ரேமும் ஹார்ட் டிஸ்க்குமாக வந்தவற்றை எடைக்குப் போட வேண்டாம். 64 பிட் பிராசஸராக இருந்தால் விண்டோஸுக்குப் பதில் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு 2 ஜிபியில் எழும், 4 ஜிபியில் சௌகரியமாக ஓடும். முதலில் நிறுவாமலே பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம்: வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, தமிழ்99 விசைப்பலகை சேர்க்க முடிகிறதா என்று. மூன்றும் சரியென்றால் ஒரு 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி மட்டும் வாங்கிப் போடுங்கள். பள்ளிப் பிள்ளையின் பாடத்துக்கும், வீட்டுக் கணக்குக்கும், டைப்பிங் பழகவும் அது தாராளம். அதன் பேட்டரி உப்பியிருக்கிறதா என்பதை மட்டும் ஆன் செய்வதற்கு முன்பே பாருங்கள். வருடக்கணக்கில் சார்ஜ் இல்லாமல் கிடந்தவை அவை. உப்பியிருந்தால் கழற்றி வைத்துவிட்டு, கழற்றக்கூடிய பேட்டரி உள்ள மாடலென்றால் சார்ஜரிலேயே நேராக ஓட்டலாம்.